பூஜைக்கு வைக்காத கத்தி

போன மாதம் என் போனுக்கு நான்கு கத்திகளின் படம் வந்தது. நான் வேலை பார்த்த வனச்சரகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வனக்காப்பாளர்கள் நான்கு பேர் கூடிப் பேசி அனுப்பியிருந்தார்கள். "அண்ணா, மலை ஏறறப்ப இடுப்புல வெச்சுக்க மடக்காத கத்தியா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறமுங்க. இதுல எது தேறும்னு சொல்லுங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றின் முதுகில் ரம்பப் பல். இன்னொன்றின் பிடிக்குள் தீப்பெட்டி வைக்க ஓட்டை, பிடியின் முனையில் திசைகாட்டி. மூன்றாவது தலை முதல் வால் வரை கறுப்பு, சினிமா வில்லன் வைத்துக்கொள்கிற மாதிரி. நான்காவது என் முழங்கை நீளம். நான்கும் தேறாது என்று எழுதி அனுப்பினேன். பிடிக்குள் ஓட்டை இருந்தால் அலகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றும், காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குத் திசை தெரியாவிட்டால் கத்தி வாங்குவதற்கு முன் வேறு வேலை தேட வேண்டும் என்றும் சேர்த்து எழுதினேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப எதைத்தான் வாங்கறதுன்னு எழுதிக் குடுங்கண்ணா, படிச்சு வெச்சுக்கறோம்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். சுற்றுலாவாக மலை ஏறுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கத்தியைச் செருகிக்கொண்டு வர வேண்டாம். சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இது வேலைக்குப் போகிறவர்களுக்கு.

என் பெயர் மாணிக்கம். சொந்த ஊர் மல்லசமுத்திரம் பக்கம். அப்பாவுக்கு நிலக்கடலையும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் விளைகிற நான்கு ஏக்கர். தாய்மாமன்மார் மூன்று பேரும் லாரி வைத்திருந்தார்கள். நான் அந்த இரண்டு பக்கமும் போகாமல் வனக்காப்பாளராகச் சேர்ந்தேன். பயிற்சியில் மரம் அளக்கவும் நடக்கவும் பயப்படாமல் தனியாக இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கத்தியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுவாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து, வனவராக ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அந்த முப்பத்து மூன்றில் கடைசிப் பாதி, எங்கள் சரகத்தின் கருவி அறைச் சாவி என்னிடம்தான் இருந்தது. அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

நாமகிரிப்பேட்டையைத் தாண்டினால் மலை எழும்பும். அந்த அடிவாரத்தில்தான் எங்கள் அலுவலகம். கொடுவாள் நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். முள் வெட்டும், தீத்தடுப்புக் கோடு திருத்தும். ஆனால் அது வீசி வெட்டுகிற சாமான். வீசுவதற்கு இடம் வேண்டும். ஒரு முடிச்சை அறுக்கவும், கூடாரத்துக்கு முளை சீவவும், அடிபட்டவனின் கால்சட்டையைக் கிழிக்கவும் கொடுவாளை எடுத்தால் நம் விரலுக்குத்தான் ஆபத்து. எங்களில் மூன்று பேருக்கு இடது கட்டை விரலில் ஒரே இடத்தில் தழும்பு இருந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வனச்சரகராக வந்த வளர்மதி மேடம். தம்மம்பட்டிப் பக்கத்துக்காரர். வந்த முதல் நாள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வணக்கம் சொன்னார். அப்புறம் ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்த்தார். மூன்று தழும்புகளையும் பார்த்துவிட்டு நேராக உள்ளே போனார். அது அவர் பழக்கம். பார்த்ததை உடனே பேச மாட்டார். சத்தம் போட மாட்டார். யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில் டீ கொடுப்பார். அவர் தன் கையால் டீ ஊற்றினால் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். பாராட்டு என்பது அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் அடுத்த வேலையைச் சொல்வார், அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் ஒரு கத்தியைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார்.

"மாணிக்கம், அலகு ஆறு அங்குலம். அதுக்கு மேல வேணாம். முதுகு நாலு மில்லி கனம். அலகும் பிடியும் ஒரே இரும்பா இருக்கணும், நடுவுல ஒட்டு இருக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் மரம் வெச்சு ஆணி அடிச்சுக்கலாம். முதுகு மேல கட்டையால அடிச்சா தாங்கணும். செய்ய முடியுமா?"

"முடியுமுங் மேடம். எந்த இரும்புங்க?"

"அது உங்க பாடு. நீங்க இந்த ஊர்க்காரர்" என்றார்.

இந்த இடத்தில் என் தலைக்கனத்தைச் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கத்து ஆளிடம் நல்ல இரும்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் லாரி ஸ்பிரிங் பட்டை என்பான். நானும் அப்படித்தான். அதிலும் எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. எந்தப் பட்டை அதிகச் சுமை தாங்கியதோ, எது அதிகம் மலை ஏறி இறங்கியதோ, அதுதான் உறுதி என்போம். என் சின்ன மாமன் லாரியில் பதினைந்து வருடம் ஓடிய பட்டை ஒன்று பட்டியில் கிடந்தது. கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவு எல்லாம் பார்த்த பட்டை. மாமன் அதைத் தூக்கிக் கொடுக்கும்போது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி கொடுத்தார். திருச்செங்கோடு சாலையில் ஒரு பட்டறையில் கொடுத்து, மேடம் வரைந்த அளவுக்கு ஆறு கத்தி அடித்து, எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றிக் கொண்டுவந்தேன். புளிய மரத்தில் பிடி. பார்க்க அவ்வளவு அழகு. மேஜை மேல் வரிசையாக அடுக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மேடம் சோதித்த விதத்தை நான் இன்றுவரை மாற்றவில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கூரின் ஓரமாகவே பார்வையை ஓட்டினார். கூர் எங்காவது வளைந்திருந்தால் அங்கே ஒளி உடைந்து தெரியும். பிறகு கையில் சோப்பைக் குழைத்துக்கொண்டு பிடியை இறுகப் பற்றி, கட்டைமேல் முனையை வைத்து அழுத்தினார். மழையிலும் ரத்தத்திலும் பிடி வழுக்கினால் கை கூர்மேல் போய்விடும், அதைப் பார்க்கத்தான் சோப்பு. மூன்றாவதாக, காய்ந்த சீமைக்கருவேலங் கட்டை ஒன்றை நிறுத்தி, அதன் தலையில் கத்தியை வைத்து, இன்னொரு கட்டையால் முதுகில் அடித்துப் பிளந்தார். கல்லால் அடிக்கக் கூடாது, இரும்பால் அடிக்கவே கூடாது. கத்திக்குக் கட்டைதான் தோழன். கடைசியாக, முனையை இரண்டு விரல் கனத்துக்கு மரத்தில் இறக்கி, பக்கவாட்டில் சாய்ந்து உடம்பு எடையைப் போட்டார். வளைந்து திரும்பி வந்தால் சரி. வளைந்தபடியே நின்றால் பதம் போதாது. உடைந்தால் பதம் மிஞ்சிவிட்டது.

முதல் கத்தி தாங்கியது. இரண்டாவது தாங்கியது. மூன்றாவதைச் சாய்த்தபோது சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பாதி அலகு மரத்தில் நின்றது, பாதி அவர் கையில். நான்காவது தாங்கியது. ஐந்தாவது உடைந்தது. ஆறாவது தாங்கியது.

"நாலு தேறிருச்சுங் மேடம்" என்றேன்.

அவர் உடைந்த துண்டை எடுத்து என்னிடம் காட்டினார். உடைந்த இடத்தின் வாயில் பாதி வெள்ளி மாதிரி பளபளத்தது. மீதிப் பாதி துருவேறிக் கறுத்திருந்தது.

"இந்தக் கறுப்பு இன்னிக்கு வந்ததில்ல மாணிக்கம். லாரியில இருந்தப்பவே விழுந்த விரிசல். உழைச்சு ஓஞ்ச இரும்பு. ஆறும் வேணாம். எடுத்துட்டுப் போங்க."

அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது. பட்டை எங்கள் மாமன் வீட்டுது, பதம் எங்கள் ஊர்ப் பட்டறையில் போட்டது, தேறிய நான்கையும் சேர்த்துத் தள்ளுவதா என்று மனசுக்குள் பொருமினேன். உடைந்த இரண்டைக் குப்பையில் போட்டேன். தேறிய நான்கையும் ஒரு சாக்கில் சுற்றிக் கருவி அறை மூலையில் போட்டு வைத்தேன். தேங்காய் உரிக்க ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு மேடம் சொன்னபடி, ஸ்பிரிங் பட்டறையில் புதுப் பட்டையை அளவுக்கு வெட்டும்போது மிஞ்சிய துண்டுகளை வாங்கினேன். ஒருநாள்கூட லாரியைப் பார்க்காத இரும்பு. அதில் பத்துக் கத்தி செய்தோம். பத்தும் நான்கு சோதனையும் தேறின. ஆளுக்கு ஒன்று கொடுத்தார். என்னுடையதை நான் வைத்திருந்த விதத்தைச் சொன்னால் என் மனைவி இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பாள். தினம் சாயங்காலம் கல்லில் இருபது இழுப்பு, ஒரு துளி நல்லெண்ணெய். உறையின் அடியில் தண்ணீர் இறங்க நானே ஒரு துளை போட்டேன். தோல் உறை மழையில் நனைந்தால் கத்தியைப் பூட்டி வைத்துத் துருப்பிடிக்க விடும். உறை வாங்கும்போது முதலில் அந்தத் துளையைப் பாருங்கள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு லாரி, போர்வெல் போடும் ரிக் வண்டி, தறி எல்லாவற்றுக்கும் ஓய்வு. எங்கள் அலுவலகத்திலும் காலையில் ஜீப்பைக் கழுவி, கொடுவாள்களையும் பத்துக் கத்திகளையும் விளக்கி, மேஜைமேல் வாழையிலையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மேடம்தான் கோலம் போட்டார், பூசணிக்காயும் உடைத்தார். பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை போட்ட பிறகுதான் எடுப்போம். இடையில் தொட மாட்டோம். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மேடம் கொஞ்சம் தள்ளியிருந்த குடியிருப்புக்குப் போனார். அலுவலகத்தில் நானும் குப்புசாமியும் மட்டும். குப்புசாமி வேட்டைத் தடுப்புக் காவலர். என்னைவிட எட்டு வயது இளையவன். பலசாலி, பயந்த பக்திக்காரன். ஓடையைத் தாண்டும்போதுகூடச் செருப்பைக் கழற்றிக் கும்பிடுவான்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கிறவர்கள். காலையில் மில்லில் பூஜை முடித்துவிட்டு ஐந்து நண்பர்களாக ஓடையோரம் ஏறியிருக்கிறார்கள். சேகர் என்று ஒருவர், மில் ஃபிட்டர், பாறையில் வழுக்கி விழுந்து, இரண்டு பாறைக்கும் ஒரு வேருக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது.

"இழுத்துப் பாத்தமுங்க, வரவே இல்லீங்க. தண்ணி வேற ஏறிட்டு இருக்குதுங்க."

நான் மலையைப் பார்த்தேன். அடிவாரத்தில் வெயில். மேலே கறுத்துக் கிடந்தது. அந்த ஓடை எனக்குத் தெரியும். மேலே ஒரு மணி நேரம் பெய்தால் கீழே ஆள் உயரம் வரும்.

ஒருவரை மேடம் வீட்டுக்கு அனுப்பினேன். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொன்னேன். அவர்கள் டவுனிலிருந்து வந்து, அடிவாரத்திலிருந்து நடந்தும் ஏற வேண்டும், அதுவரை தண்ணீர் காத்திருக்காது. கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பினேன். குப்புசாமி பூஜை மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கை நீண்டது, மடங்கியது. பிறகு கருவி அறை மூலைக்குப் போய்ச் சாக்கைப் பிரித்து, நான் போட்டு வைத்திருந்த நான்கில் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகினான்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

நாற்பது நிமிட நடையை இருபத்தைந்தில் ஓடினோம். சேகர் பாறைமேல் மல்லாந்து கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே, உடம்பைவிடச் சற்று உயரமான பாறை இடுக்கில். அதன்மேல் நீர்மருது வேர் ஒன்று, என் முன்கை கனத்துக்கு, வளையம் போட்ட மாதிரி குறுக்கே கிடந்தது. தண்ணீர் இடுப்பைத் தொட்டிருந்தது. இடுக்கு ஒரு சாண் அகலம். கொடுவாள் இருந்திருந்தாலும் வீச முடியாது. வீசினால் காலில் விழும்.

"ஏனுங், காலு போனாலும் பரவால்லீங். ஆளை மட்டும் எடுத்து உட்ருங்க. ஊட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க" என்றார் சேகர்.

"காலோடதான் போவீங்க. சித்த நேரம் அசையாம இருங்க" என்றேன்.

குப்புசாமியிடமிருந்து கத்தியை வாங்கி, வேர்மேல் வைத்து, ஒரு கட்டையால் முதுகில் அடித்தேன். ஈர வேர், வெண்ணெய் மாதிரி இறங்கியது. இந்தப் பக்கம் சாய்த்து ஒரு வெட்டு, அந்தப் பக்கம் சாய்த்து ஒரு வெட்டு, நடுவில் சில்லு தெறித்து விழும். பாருங்கள் மேடம், எங்கள் மாமன் பட்டை என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். மூன்றில் ஒரு பங்கு வெட்டியிருப்பேன். அந்தச் சுள்ளிச் சத்தம் கேட்டது. அலகு பிடிக்கு அருகிலேயே ஒடிந்து, பெரிய துண்டு தண்ணீரில் விழுந்தது. அடித்துக்கொண்டு போய்விட்டது.

சேகர் என் கையில் மிஞ்சியதையே பார்த்தார். ஃபிட்டர் அல்லவா. "இந்த இரும்புல முன்னயே விரிசல் இருந்திருக்குதுங்க. பாதி கறுப்பா இருக்குது பாருங்க" என்றார். குற்றம் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் கண்ணில் பட்டதைச் சொன்னார். எனக்கு அந்த ஓடையிலேயே போய்விடலாம் போல இருந்தது.

குப்புசாமி கையால் வேரைப் பிய்த்தான். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. தண்ணீர் சேகரின் விலாவுக்கு வந்தது. அவர் நண்பர்களில் ஒருவர் அழ ஆரம்பித்தார். கூரான கல்லைத் தேடி எடுத்து வேரைக் குத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. சேகர் பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

கீழே புதர் அசைந்தது. மேடம் வந்தார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார், தோளில் முதலுதவிப் பை, பின்னால் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். இடுப்பு உறையிலிருந்து கத்தியை உருவி என் கையில் வைத்தார். என் கத்தி. அலகில் சந்தனம் அழியாமல் இருந்தது, நடுவில் குங்குமம்.

நேராகத் தண்ணீரில் இறங்கி, சேகரின் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து, தோள் இரண்டையும் தன் மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் பிடிச்சுக்கறேன். நீங்க வேரை மட்டும் பாருங்க" என்றார்.

வைத்தேன், அடித்தேன். தண்ணீர் வேருக்கு மேல் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. இடது கை விரலால் வெட்டைத் தடவி, அதில் கத்தியைப் பொருத்தி, அடி. மறுபடி தடவி, பொருத்தி, அடி. கட்டை தண்ணீரில் பட்டு முகத்தில் அறைந்தது. முதுகில் விழுந்த ஒவ்வொரு அடியும் பிடி வழியாக என் தோள்வரை வந்தது. அலகும் பிடியும் ஒரே இரும்பாக இருப்பது எதற்கு என்று எனக்கு அன்றுதான் உடம்பில் தெரிந்தது. எத்தனை அடி என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் வேர் முனகியது. குப்புசாமி ஒரு கழியை அடியில் விட்டு நெம்பினான். மற்றவர்கள் கயிற்றை இழுத்தார்கள். வேர் பிளந்து கால் வெளியே வந்தபோது தண்ணீர் மேடத்தின் கழுத்தில் இருந்தது.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. மற்றபடி முழு மனிதராக வந்தார். அதே கத்தியால் இரண்டு கழி வெட்டி, போர்வையில் தூளி கட்டி, சாலை வரை தூக்கி வந்தோம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சேகர் என் கையைப் பிடித்து, "அந்தக் கத்தியைச் சித்தெ காட்டுங்க" என்றார். கூரை வெளிச்சத்தில் பார்த்தார். நுனியில் கடுகு அளவு ஒரு பல் விழுந்திருந்தது, வேறொன்றும் இல்லை. "இது இரும்புங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். சான்றிதழ்கள் சில வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தைக்கு அவை ஈடாகாது.

அலுவலகம் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஈரத் துணியோடு மேடம் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார். இரண்டு கிளாஸில் ஊற்றி எனக்கும் குப்புசாமிக்கும் கொடுத்தார். குப்புசாமி கிளாஸை வாங்கிக் கீழே வைத்தான்.

"முதலுதவிப் பை எடுக்க உள்ள வந்தேன். மேஜையைப் பாத்தேன். பத்தும் வெச்சபடி இருந்துச்சு. அப்ப நீங்க எதை எடுத்துட்டுப் போனீங்க?" என்றார்.

குப்புசாமி, "சாமிக்கு வெச்சதைத் தொடக் கூடாதுன்னு நாந்தானுங்கம்மா" என்று ஆரம்பித்தான்.

நான் குறுக்கிட்டேன். "எடுத்தது அவனுங்க மேடம். அது உடையற கத்தின்னு அவனுக்குத் தெரியாது, நீங்க சோதிச்சப்ப அவன் லீவுல இருந்தான். எனக்குத் தெரியும். பாத்துட்டுச் சும்மா இருந்தது நானுங்க."

"ஏன் சும்மா இருந்தீங்க?"

"பூஜைக்கு வெச்சதுன்னு பாதி. நீங்க தள்ளுன கத்தி நல்ல கத்திதான்னு எனக்குள்ள பாதி."

அவர் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். பிறகு சாக்கைக் கொண்டுவரச் சொன்னார். மீதி மூன்று கத்திகளையும் பட்டறை இடுக்கியில் ஒவ்வொன்றாக மாட்டி, சுத்தியலால் என்னையே உடைக்கச் சொன்னார். முதலாவது கறுப்பு வாய். இரண்டாவது கறுப்பு வாய். மூன்றாவது பத்துப் பதினைந்து அடி தாங்கி, கடைசியில் உடைந்தது. வாய் முழுக்க வெள்ளை. விரிசலே இல்லை.

"இது நல்ல கத்திங் மேடம்" என்றேன்.

"தெரியுது. ஆனா உடைச்சுப் பாத்தாத்தான் நல்லதுன்னு தெரியும்னா, அதை நம்பி ஒருத்தரை எப்படி அனுப்பறது?"

கத்தி வாங்குகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொண்டால் போதும். எந்த இரும்பு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் பிறகு. அது உங்களிடம் வருவதற்கு முன் எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டேன். "மேடம், பத்துல எதுக்குங்க என்னுதை எடுத்துட்டு வந்தீங்க? உங்களுது பக்கத்துலயே இருந்துச்சுங்களே."

"யோசிக்கவே இல்ல மாணிக்கம். கை நேரா அதுக்குப் போச்சு" என்றார். பிறகு, வழக்கம்போல அடுத்த வேலையைச் சொன்னார். "அடுத்த வருஷத்துல இருந்து ஒரு கத்தியும் ஒரு ஆளும் பூஜைக்கு வெளிய இருக்கணும். அந்தக் கத்தி உங்களுது."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொல்லி அழுதேன். வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த பதினொரு ஆயுத பூஜையிலும் என் கத்திக்குச் சந்தனம் கிடையாது. மேடம் பதவி உயர்வில் மாறிப் போனார். வேறு சரகர்கள் வந்தார்கள், போனார்கள். வழக்கம் நின்றுவிடவில்லை. எல்லாக் கருவியும் இலையில் இருக்க, நான் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு அறைக்கு வெளியே நின்று கும்பிடுவேன். இரண்டு முறை அழைப்பும் வந்தது. ஒன்று கிணற்றுக் கயிற்றில் சிக்கிய மாடு, இன்னொன்று வேலியில் மாட்டிய மான். வெளியே நிற்கிற ஆள் யார் என்பதில் காப்பாளர்களுக்குள் போட்டியே இருந்தது. நான் விட்டுக்கொடுத்ததில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய பூஜையில் மற்றவர்கள் சேர்ந்துகொண்டு சொன்னார்கள். "இந்த வருஷம் உங்களுதும் உள்ள இருக்கட்டுமுங்கண்ணா. வெளிய வெக்கறதுக்கு வேற ஒண்ணை நீங்களே பாத்து எடுங்க."

மேஜைமேல் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். குப்புசாமி கத்தியிடம் வந்ததும் கை நின்றது. கூர் ஒரே கோடாக ஓடியது. பிடி அவன் விரல்களின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அந்த ஓடைக்குப் பிறகு அவன் ஒருநாள்கூட அதைத் தீட்டாமல் படுத்ததில்லை என்று அவன் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னிடம் அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"இது வெளிய இருக்கட்டும்" என்றேன்.

"என்னுதுங்களா?" என்றான் குப்புசாமி. ஐம்பது வயது ஆள், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

என் கத்தியைக் கழுவினேன். முதுகில் முழுக்கக் கட்டை அடித்த தடம். வருடக்கணக்கில் தீட்டியதில் அலகு ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது. இலையில் வைத்துச் சந்தனத்தைக் குழைத்தேன். அலகில் வைப்பதா பிடியில் வைப்பதா என்று எனக்கு மறந்துபோயிருந்தது. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. குப்புசாமி தன் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு, பதினொரு வருடம் நான் நின்ற இடத்தில் போய் நின்றான்.

"நான் பாத்துக்கறனுங்கண்ணா. நீங்க சாமி கும்பிடுங்க" என்றான்.